கல்லில் பொறித்த கிரேக்கப் பாட்டு: செய்கிலோஸ் பாடலை உச்சரித்து, பாடி, மீட்டும் முறை

பழைய மொழியையும் இசையையும் திரும்ப ஒலிக்கவைக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் சுமேரியப் பாட்டிலோ எகிப்திய மந்திரத்திலோ கைவைத்து மாட்டிக்கொள்வார்கள். அங்கே ஊகம் அதிகம், பிடிமானம் குறைவு. முதல் முயற்சிக்கு ஏற்றது, செய்கிலோஸ் என்பவர் நிறுத்திய கல்லில் உள்ள செய்கிலோஸ் பாடல். சொல், சுரம், தாளம் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. பாட்டு நான்கே வரி. 16 விநாடியில் முடிந்துவிடும்.

கி.பி. 1 அல்லது 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பளிங்குத் தூண் அது. இன்றைய துருக்கியின் அய்தின் நகருக்கு அருகே, அன்று த்ரல்லெஸ் எனப்பட்ட ஊர்ப்பக்கம், 1883இல் தொல்லியலாளர் வில்லியம் ராம்சே கண்டெடுத்தார். நடுவில் யாரோ பூத்தொட்டி வைக்க வசதியாக அடிப்பக்கத்தைத் தேய்த்துத் தட்டையாக்கினார்கள். அதில் கீழே இருந்த எழுத்துகள் சேதமாயின. நல்லவேளை, பாட்டு தப்பியது. 1966 முதல் கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழங்கிரேக்க இசைக்குறிப்புகளாகச் சுமார் 60 துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாக நிற்கும் மிகப் பழைய பாட்டு இதுதான்.

பொருள் எளிது: உயிரோடு இருக்கும்வரை ஒளிர்ந்திரு, எதற்கும் வருந்தாதே, வாழ்வு கொஞ்ச நாள்தான், முடிவைக் காலம் கேட்டு வாங்கும்.

வேண்டியவை: சுருதிப் பெட்டி அல்லது சுருதிச் செயலி, மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக்கருவி அல்லது செயலி), செய்தித்தாள் கீற்று ஒன்று, ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி. யாழ் போன்ற கருவி செய்ய விரும்பினால் அதற்கான நரம்பு அளவுகள் பின்னால் உள்ளன.

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள்

"பழங்கிரேக்க உச்சரிப்பு" என்று ஒன்று கிடையாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் பேசியதும் கி.பி. 100இல் சின்ன ஆசியாவில் பேசியதும் வேறு. இன்றைய கிரேக்கம் முற்றிலும் வேறு. கி.மு. 5ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகக்காரர் க்ராதினோஸ், ஆடு கத்துவதை பீட்டா, ஈட்டா என்ற இரண்டு எழுத்துகளால் எழுதினார். அன்று அது "பே பே". இன்றைய உச்சரிப்பில் அதே எழுத்துகள் "வீ வீ" ஆகும். எந்த ஊர் ஆடும் அப்படிக் கத்தாது. இப்படிப்பட்ட தடயங்களைக் கொண்டுதான் ஒலிகளைக் கணிக்கிறோம்: கல்வெட்டுகளின் எழுத்துப் பிழைகள், பிறமொழியில் பெயர்களை எழுதிய விதம், செய்யுள் அளவு, இலக்கணக்காரர்களின் வருணனை.

இங்கே கி.பி. 100ஐ ஒட்டி, படித்தவர் பேச்சை எடுத்துக்கொள்கிறோம். அதன்படி சில முடிவுகள்.

எப்ஸிலானும் ஓமிக்ரானும் குறில்: எ, ஒ. ஈட்டாவும் ஓமெகாவும் நெடில்: ஏ, ஓ. தமிழ் எழுத்திலேயே இந்த நான்கும் தனித்தனியே இருப்பதால் நமக்கு இது சும்மா கிடைத்த சொத்து. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இதற்கே மாதக்கணக்கில் திணறுவார்கள்.

எப்ஸிலான், அயோட்டா சேர்ந்து வந்தால் "எய்" அல்ல, "ஈ". அந்த விதிப்படி செய்கிலோஸையே "ஸீகிலொஸ்" என்றுதான் எழுத வேண்டும். வழக்கில் ஊன்றிவிட்ட எழுத்துக்கூட்டலை மாற்றவில்லை. ஆல்ஃபா, அயோட்டா சேர்க்கை அந்தக் காலத்தில்தான் "ஐ"யிலிருந்து "ஏ" பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. இங்கே "ஐ" என்றே வைத்துக்கொள்கிறோம். "ஏ" என்று பாடினாலும் தப்பில்லை. ஒரு வரியில் ஐ, இன்னொரு வரியில் ஏ என்று கலப்பதுதான் தப்பு.

உப்ஸிலான் தமிழில் இல்லாத உயிர். "இ" என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் "உ"வுக்குக் குவியுங்கள். நாக்கு பின்வாங்கினால் வெறும் உ ஆகிவிடும். கீழே இந்த ஒலிக்கு * குறி.

ஸேட்டா பழைய காலத்தில் "ஸ்த்" போன்ற இரட்டை ஒலியாக இருந்திருக்கலாம். கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்குள் அது அதிரும் ஸகரமாகிவிட்டது. நமக்குப் பழகிய சாட்சி ஒன்று உண்டு: அந்தக் காலத்துக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் முசிறியின் பெயரை எழுதியவர், "சி" இருக்கும் இடத்தில் ஸேட்டாவைத்தான் போட்டார். "ஸ்த்" என்று ஒலிக்கும் எழுத்தை அங்கே யாரும் போடமாட்டார்கள். கீழே இதை ஃஜ என்று எழுதுகிறோம். ஜகரத்தின் வெடிப்பு வேண்டாம். வண்டு ரீங்காரம் போல இழுங்கள்.

ஃபை, கை இரண்டும் மூச்சு சேர்ந்த வல்லொலிகள். சுலோகப் புத்தகத்தில் அச்சிடுவதுபோல ப², க² என்று எழுதுகிறோம். க³, த³ என்பவை அதிரும் ஒலிகள், "கங்கை", "தந்தம்" ஆகியவற்றின் நடுவில் கேட்பது போல. ப²வைச் சோதிக்கத்தான் செய்தித்தாள் கீற்று: உதட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடியுங்கள். "ப" சொன்னால் கீற்று ஆடக்கூடாது, "ப²" சொன்னால் படபடக்க வேண்டும். கி.பி. 79இல் புதைந்த போம்பெய் நகரச் சுவரில், ஃபை வரவேண்டிய பெயரொன்று லத்தீன் எஃப் எழுத்தால் கிறுக்கப்பட்டிருக்கிறது. ஃபகரமாக மாறும் போக்கு அப்போதே சில வாய்களில் தொடங்கிவிட்டது என்று தெரிகிறது. நாம் மூச்சொலியையே வைத்துக்கொள்கிறோம்.

தமிழ் நாக்கு வழுக்கும் இடம்

நெடில், குறிலில் நமக்குப் பிழை வராது. வருவதெல்லாம் வல்லினத்தில். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் அது தானாகவே இளகிவிடும். "அது" என்பதில் உள்ள த, "தந்தை"யின் முதல் த அல்ல. கிரேக்கத்தில் இளகாது, இரட்டிக்கவும் செய்யாது. பாட்டின் கடைசிச் சொல்லை "அபைதீ" என்று எழுதி, அதைத் தமிழ்ப் பழக்கத்தில் படித்தால் நடுவிலுள்ள ப, த இரண்டுமே கெட்டுவிடும். திருத்திக்கொள்ள "அப்பைத்தீ" என்று அழுத்தினால் மாத்திரை கெடும்.

வழி இது. "அ", "பை", "தீ" என்று மூன்று தனிச் சொற்களாக, நடுவில் ஒரு விநாடி விட்டுச் சொல்லுங்கள். "பை", "தீ" இரண்டும் தமிழிலும் சொல் முதலில் இருப்பதால் சரியாகவே வரும். இடைவெளியை அரை விநாடியாக்கி, பிறகு கால் விநாடியாக்கி, கடைசியில் ஒட்டுங்கள். ஒட்டிய நொடியில் "அபை³" என்று இளகினால் ஒரு படி பின்னால் போங்கள். நான்காம் வரித் தொடக்கமான "தொ தெலொஸ்" இதே வகை; இரண்டாவது த எப்போதும் வழுக்கும்.

நான்கு வரிகள்

ஒவ்வொரு அசைக்குப் பின்னும் உள்ள எண் மாத்திரை. | குறி வரியின் பாதி.

1. ஹொ 1, ஸொன் 2, ஃஜேஎஸ் 3 | பை² 3, நூஉ 3

2. மே 2, தெ³ 1, நொ 1, லோஸ் 2 | ஸு* 1, லூ* 2, பூஉ 3

3. ப்ரொ 1, ஸொ 1, லி 1, கொ³ 1, நெஸ் 2 | தி 1, தொஃஜ் 2, ஃஜேஎன் 3

4. தொ 1, தெ 1, லொ 1, ஸொ 1, க்²ரொ 1, நொ 1 | ஸ 1, பை 2, தீஇ 3

ஒவ்வொரு வரியும் 12 மாத்திரை, பாதிக்கு 6. உங்கள் கூட்டல் 11 அல்லது 13 என்று வந்தால் எங்கோ அசை பிரித்ததில் தவறு.

பெரும்பாலும் தவறு இரண்டு இடங்களில்தான். முதலாவது, நேர்-நிரைக் கணக்கைப் போடுவது. தமிழ் யாப்பில் குறிலோடு ஒற்று சேர்ந்தாலும் தனிக்குறில் போல நேரசைதான். கிரேக்கத்தில் அப்படியில்லை, ஒற்றடுத்த குறில் நெடிலுக்குச் சமம், வடமொழியின் குருவைப் போல. "ஸொன்", "நெஸ்" இரண்டுக்கும் 2 மாத்திரை வந்தது அதனால்தான். மூன்றாம் வரியில் "தொ" தனியே பார்த்தால் 1. அடுத்து வரும் ஸேட்டா இரட்டையாக ஒலித்து "தொஃஜ்" என்று மூடுவதால் 2 ஆகிறது.

இரண்டாவது, சொல் எல்லையில் நிறுத்துவது. மெய்மேல் உயிர் ஏறும் புணர்ச்சி நமக்குப் புதிதல்ல. இரண்டாம் வரியில் "மேதென்", "ஹொலோஸ்" என்ற இரு சொற்கள் சேர்ந்து "மே-தெ³-நொ-லோஸ்" ஆகின்றன. கி.பி. 100ஐ ஒட்டி ஹகரம் தேய்ந்துகொண்டிருந்ததால் நடுவில் அதை விட்டுவிடலாம். பாட்டின் முதலெழுத்தில் மட்டும் மெல்லியதாக வைத்திருக்கிறோம்.

3 மாத்திரை அசைகளைக் கல்லில் தனிக் குறியிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நமக்கு இது அளபெடை: நெடிலின் 2, மேலே 1. அதனால்தான் "ஃஜேஎஸ்", "பூஉ" என்று அளபெடையாகவே எழுதினோம். ஆனால் எ, உ என்று புதிதாக எடுத்து அழுத்தாதீர்கள், ஒரே இழுப்பாக இருக்கட்டும்.

மெட்ரோனோமை 180இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு மாத்திரையாகச் சுரம் இல்லாமல் சொல்லிப் பழகுங்கள். மொத்தம் 48 தட்டு, 16 விநாடி. ஆரம்பத்தில் 90இல் வைத்துக்கொண்டால் போதும். திஸ்ர நடை தெரிந்தவர்களுக்கு மூன்று மூன்றாகத் தட்டுவது எளிது. கல்லிலும் புள்ளி வைத்து ஒவ்வொரு ஆறையும் இரண்டு பாகமாகக் காட்டியிருக்கிறது.

பேச்சிலேயே சுருதி

கிரேக்கத்தின் அழுத்தம் ஆங்கிலம் போலக் குரலை உரப்பாக்குவதல்ல, சுருதியை ஏற்றுவது. பேச்சில் இந்த ஏற்றம் ஏறக்குறைய ஸ முதல் ப வரை என்று ஹாலிகர்னாஸஸ் ஊர் தியோனீஸியோஸ் என்ற பழங்கிரேக்க ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அழுத்தத்தில் இரண்டு வகை கவனிக்க வேண்டும்: ஏறுவது, ஏறி அதே அசையில் இறங்குவது.

பாட்டின் மெட்டு பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறது. "பை²" ஏற்றம் உள்ள அசை. மெட்டும் அங்கே மூன்று படி ஏறுகிறது. "பூஉ", "ஃஜேஎன்", "தீஇ" மூன்றும் ஏறி இறங்குபவை. மூன்றிலும் சுரம் கீழே சரிகிறது. ஆகவே பாடுமுன் ஒருமுறை இந்த ஏற்ற இறக்கத்தோடு பேசிப் பார்த்தால் மெட்டு பாதி வந்துவிடும். ஒரே ஒரு முரண்: முதல் சொல் "ஹொஸொன்". அழுத்தம் "ஹொ"வில், ஆனால் சுரம் அங்கே தாழ்ந்து, அடுத்த அசையில் எகிறுகிறது. எழுதியதில் பிழையென்று திருத்தப் போகாதீர்கள். தாவித் தொடங்கவேண்டும் என்பதே நோக்கமாக இருந்திருக்கலாம்.

கல்லின் எழுத்து, நம் சுரம்

ஒவ்வொரு அசைக்கு மேலும் கிரேக்க எழுத்து ஒன்றோ இரண்டோ மூன்றோ பொறித்திருக்கிறது. அவற்றைப் படிக்கச் சாவி, அலிப்பியோஸ் என்ற பழங்கிரேக்க இசை நூலாசிரியரின் அட்டவணைகள். இந்தப் பாட்டில் வருபவை ஸேட்டா, அயோட்டா, காப்பா, ஓமிக்ரான், ஸிக்மா, ஃபை, கை, கடைசியில் திருப்பிப் போட்டது போன்ற ஒரு குறி. அகரவரிசையில் எழுத்து முன்னேற முன்னேறச் சுருதி இறங்குகிறது. ஆகவே ஸேட்டா உச்சி, கடைசிக் குறி அடி.

உச்சிக்கும் அடிக்கும் நடுவே சரியாக ஒரு ஸ்தாயி. அடிச் சுரத்தை ஸட்ஜமமாக வைத்துக்கொண்டால் இடைவெளிகள் அப்படியே கரகரப்பிரியா: சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். ஸிக்மா என்பது ம, ஓமிக்ரான் ப, காப்பா த, அயோட்டா நி, ஸேட்டா மேல் ஸட்ஜமம், ஃபை க, கை ரி. மேல் ஸட்ஜமத்தை ஸ' என்று எழுதினால்:

1. ம, ஸ', ஸ' | தநிஸ', நி

2. த, நி, ஸ', நித | ப, ம, பக

3. ம, த, ஸ', நி, தநி | த, ம, பக

4. ம, த, ப, நி, ஸ', த | ம, ம, மரிஸ

காற்புள்ளிக்குள் உள்ளது ஓர் அசை. மேலே தந்த மாத்திரைகளோடு அசைக்கு அசை பொருத்திக்கொள்ளுங்கள். "தநிஸ'", "மரிஸ" இரண்டிலும் சுரத்துக்கு ஒரு மாத்திரை. "பக" வருமிடத்தில் ப 1, க 2 என்று பிரித்தால் சரிவு நிதானமாகக் கேட்கும். "பை²" பாடும்போது தநி வரை அகரத்திலேயே நின்று, ஸ'வில் இகரத்தை மூடுங்கள். முன்னாடியே மூடினால் மூன்று சுரமும் பல்லிடுக்கில் வந்து சத்தம் ஒடுங்கிவிடும்.

ஸ 3 கட்டையில் வைத்தால் நவீனப் பதிப்புகளில் வழக்கமாக எழுதும் சுருதிக்கு ஒத்துவரும். ஆனால் அதற்குப் புனிதம் ஒன்றும் இல்லை. ஆண்குரல் 1 அல்லது 2 கட்டையில், பெண்குரல் 5 கட்டையில் தாராளமாகப் பாடலாம்; தாண்டவேண்டியது ஒரே ஸ்தாயிதான்.

கர்நாடகக் காது செய்யும் கெடுதல்

கரகரப்பிரியா என்று சொன்னதுமே குரல் கமகத்தைத் தேடும். காந்தாரம் ஆடும், நிஷாதம் அசையும். அது ராகம், இங்கே வேண்டியது வெறும் சுர வரிசை. எங்கெல்லாம் ஓர் அசையில் பல சுரம் வேண்டுமோ அங்கெல்லாம் செதுக்கியவர் எழுத்துகளைச் சேர்த்தே போட்டுவிட்டார். ஒற்றை எழுத்து உள்ள இடத்தில் ஒற்றைச் சுரம், நேராக. முதல் வரியில் "நூஉ" மூன்று மாத்திரை ஒரே நி. அதை அசையாமல் பிடிப்பதுதான் சங்கீதம் கற்றவர்களுக்கு இந்தப் பாட்டிலேயே மிகக் கடினமான இடம். செயலியின் சுருதிமானியைத் திறந்துவைத்துப் பாருங்கள்; முள் ஆடினால் கமகம் நுழைந்துவிட்டது.

இரண்டாவது கெடுதல் தம்புரா. ஸ-ப பின்னணியில் ஓடவிட்டால் பாட்டு உடனே கச்சேரித் துக்கடா ஆகிவிடும். கிரேக்க இசையில் நடுநரம்புக்கு மெஸே என்று பெயர். அதைச் சுற்றியே பாட்டு நகரும். இங்கே அது ம. நான்கில் மூன்று வரி அதில்தான் தொடங்குகிறது. துணைச்சுருதி இல்லாமல் பாட முடியவில்லையென்றால் பெட்டியில் ம ஒன்றை மட்டும் ஒலிக்கவிடுங்கள்.

நரம்பு கட்டுதல்

லைரா என்பது மேலே குறுக்குக்கட்டை, கீழே பேழை, நடுவில் சம நீளமான நரம்புகள் கொண்ட கருவி. அன்று குடல் நரம்பு. நமக்குத் தூண்டில் கடையில் கிடைக்கும் ஒற்றை இழை நைலான் போதும். பாலத்திலிருந்து குறுக்குக்கட்டை வரை 45 செ.மீ. என்று வைத்து, ம 220 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், எல்லா நரம்பும் ஏறக்குறைய ஒரே இழுவிசையில் நிற்க இந்தத் தடிமன்கள்:

ஸ 165 ஹெர்ட்ஸ், 1.2 மி.மீ.
ரி 185.6, 1.1
க 195.6, 1.0
ம 220, 0.9
ப 247.5, 0.8
த 278.4, 0.7
நி 293.3, 0.7
ஸ' 330, 0.6

சுருதியை வேறாக வைத்தால் 198ஐ அதிர்வெண்ணால் வகுங்கள், வருவதுதான் மி.மீ. இந்த அளவில் நரம்புக்குச் சுமார் 2.9 கிலோ இழுவிசை, எட்டும் சேர்ந்தால் 23 கிலோ. குறுக்குக்கட்டைக்கு மெல்லிய மூங்கில் பிளாச்சு தாங்காது, வளைந்துவிடும். நீளத்தை 50 செ.மீ. ஆக்கினால் இழுவிசை கிட்டத்தட்ட கால்பங்கு கூடும். அளவைக் கூட்டுமுன் சட்டத்தைப் பலப்படுத்துங்கள்.

சுருதி கூட்டச் செயலி வேண்டாம், காது போதும். ஸ-ப உறவு ஒன்று, ஸ-ம உறவு ஒன்று, இந்த இரண்டுதான் தேவை. பழந்தமிழில் குரல்-இளி என்று சொன்ன உறவும் முதலாவதுதான். வரிசை: ம வைத்து, அதற்குப் பஞ்சமமாக மேல் ஸ'. அதன் கீழ் ஸ்தாயி ஸ. ஸ-வுக்குப் பஞ்சமம் ப. ப-விலிருந்து ஸ-ம அளவு கீழே இறங்கினால் ரி. ரி-க்குப் பஞ்சமம் த. ம-விலிருந்து ஸ-ம அளவு மேலே ஏறினால் நி. நி-யிலிருந்து ஸ-ப அளவு கீழே க. இரண்டு நரம்பையும் சேர்த்து மீட்டினால் "வௌ வௌ" என்று அலையடிக்கும். அலை மெதுவாகி நிற்கும்வரை முறுக்குங்கள்.

எட்டாவது நரம்பை முறுக்கி முடிக்கும்போது முதல் நரம்பு இறங்கியிருக்கும். முறுக்கியவர் தப்பல்ல, சட்டம் வளைந்து கொடுக்கிறது, நைலானும் நீள்கிறது. நடுவிலிருந்து ஓரங்களுக்குப் போகும்படி மூன்று நான்கு சுற்று கூட்டுங்கள். புது நைலான் நிலைக்கச் சில நாள் பிடிக்கும். அதற்குள் முடிச்சு நழுவினால் இழையை இன்னும் இரண்டு சுற்று சுற்றிக் கட்டுங்கள்.

வாசிக்கும்போது பாட்டின் சுரத்தை அப்படியே ஒற்றை நரம்பாக மீட்டிப் பின்தொடர்ந்தால் போதும். கிட்டார் போலக் கொத்தாக மீட்டினால் அந்தக் காலத்துக்குச் சம்பந்தமில்லாத மேற்கத்திய ஒத்திசை முளைத்துவிடும்.

பதிவு செய்து சரிபார்த்தல்

கைப்பேசியை ஒரு முழம் தள்ளி வைத்து, துணி, மெத்தை உள்ள அறையில் பதியுங்கள். குகையில் பாடியதுபோல எதிரொலி சேர்ப்பதுதான் இத்தகைய பதிவுகளில் பரவலான வியாதி. எதிரொலி குறில் நெடில் வித்தியாசத்தை அழித்துவிடும். இவ்வளவு நேரம் மாத்திரை எண்ணியது வீணாகும்.

பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு மூன்று இடங்களை மட்டும் கேளுங்கள். மூன்றாம் வரியில் "தொஃஜ்" இரண்டு தட்டு நிற்கிறதா, ஒன்றில் ஓடிவிடுகிறதா. இரண்டாம் வரியில் "லூ*" உதட்டில் மட்டும் குவிகிறதா, தொண்டைக்குள் போய் வெறும் ஊ ஆகிவிட்டதா. நான்காம் வரியில் "ஸ-பை-தீஇ": ப-வும் த-வும் இளகாமல் நிற்கின்றனவா. மூன்றாவது பெரும்பாலும் முதல் வாரம் தேறாது. "அ, பை, தீ" என்ற தனிச்சொல் பயிற்சிக்கே திரும்பிப் போய், இந்த முறை ம, ம, மரிஸ என்ற சுரத்தோடு சேர்த்துச் செய்யுங்கள்.